தொண்ணூற்றாறாவது குழி

தட்டின் கடைசிக் குழியில் ஈரம் இருந்தது.

கண்தான் ஏமாற்றுகிறதோ என்று அவள் தட்டைக் கையில் எடுத்து, விளக்குக்கு நேரே உயர்த்திச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக மொத்தம் தொண்ணூற்றாறு சின்னஞ்சிறு குழிகள். தொண்ணூற்றைந்தில் திரவம் இருக்க வேண்டும். கடைசி மூலையில் இருக்கிற ஒன்று மட்டும் காலியாக இருக்க வேண்டும். ஒன்றுமே விடாத இடத்தில் ஒன்றும் வரவில்லை என்று காட்டுவதற்காகவே ஒதுக்கிய குழி அது. இன்று அதன் அடியில் ஒரு சொட்டு, கடுகளவு, உருண்டு நின்றது.

"உனக்கு என்ன வந்துச்சு?" என்றாள், எதிரே இருந்த இயந்திரத்திடம்.

பீரோவைப் படுக்கவைத்தாற்போல நீளமான கண்ணாடிக் கூண்டு. உள்ளே மேலே ஒரு தண்டவாளம், அதில் தொங்கியபடி முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு கை. கையின் நுனியில் எட்டு உறிஞ்சு முனைகள், பக்கத்தில் தட்டுகளைத் தூக்கிவைக்க இரண்டே விரல்கள். டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டுவது அதன் வேலை. ஒரு துண்டின் வாலும் அடுத்த துண்டின் தலையும் ஒரே மாதிரி இருக்கும்படி முன்பே செய்துவைத்திருப்பார்கள். வேண்டிய துண்டுகளை ஒரு குழியில் சேர்த்துவிட்டு, என்சைம் ஊற்றிச் சூடு காட்டினால், வாலும் தலையும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டிய இழையைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, சத்துக் கூழ் பரப்பிய தட்டில் தடவி, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்தால் அது வளர்ந்து பெருகும்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை இதை நான்கு பேர் கையால் செய்தார்கள். அவள் விடுகிற சொட்டு ஒன்றுக்கொன்று கூடாது, குறையாது என்பதால் அவளுக்குச் 'சொட்டு மேடம்' என்றே பேர். இயந்திரம் வந்த புதிதில், எல்லாவற்றையும் அதன் கைக்கெட்டும் இடத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டியிருப்பதையும், கொஞ்சம் தாமதமானால் அது கீச்சென்று கத்துவதையும் பார்த்து, "சரியான மாப்பிள்ளை!" என்று ஒருத்தி சொல்ல, அந்தப் பேரே நின்றுவிட்டது. சிரித்த மூன்று பேரும் பிறகு ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பரிமாற ஒரு ஆள் போதும். மிஞ்சியது அவள்தான்.

இன்று நான்கு நாள் விடுமுறையின் முதல் நாள். மூன்று மாடிக் கட்டிடத்தில் ஆள் கிடையாது. ஏர்கண்டிஷனரின் சீரான மூச்சும், ஃப்ரீசர்களின் முனகலும், எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தமும் மற்ற நாட்களில் பேச்சுக்கு அடியில் கிடப்பவை. இன்று அவைதான் பேச்சு. அந்த அறைக்கு ஜன்னலும் இல்லை. வெளியே பகலா மழையா என்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து ஊகித்தால்தான் உண்டு. ஆள் அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தால் விளக்கு தானே அணைந்துவிடும். அவள் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. கையைத் தூக்கி ஆட்டினாள். எரிந்தது.

மேலே தொங்கும் கையில் எங்கோ கசிவு இருக்கலாம். கடைசிக் குழியில் இரண்டு துளி ப்ளீச் விட்டுத் துடைத்தாள். மூக்கில் அதன் காட்டம் ஏறியது. ஆய்வகத்தின் தலைவரான பெரிய டாக்டர் ஊரில் இல்லை, போனில்தான் கிடைத்தார்.

"தொண்ணூத்தஞ்சும் சரியா ஒட்டியிருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? திங்கக்கிழமை மொத்தமா நாலு தட்டும் அனுப்பியாகணும். நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா இருக்கேன்."

'வீட்டில் உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அவள் சரி சார் என்றாள்.

அடுத்த தட்டுக்கு வேண்டியதையெல்லாம் அடுக்கி ஓட்டிவிட்டு, அது முடிகிறவரை காத்திருந்து எடுத்துவைத்து, மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனாள். இரண்டாவது தட்டிலும் கடைசிக் குழி ஈரமாகத்தான் இருந்தது. ப்ளீச் விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும், "பூட்டிட்டேன்" என்றாள் சத்தமாக. பூட்டிட்டியா என்று உள்ளறையிலிருந்து கேட்பதற்கு அக்கா இல்லாமல் பதினோரு மாதம் ஆகிறது. கேள்வி போய்விட்டது, பதில் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது.

மறுநாள் அவள் ஒரு முடிவோடு வந்தாள். மாப்பிள்ளை வேலை செய்து முடிக்கிறவரை எழுந்திருப்பதில்லை.

நாற்காலியைக் கூண்டுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை தண்டவாளத்தில் சரிந்து போய், எட்டு முனைகளையும் பிளாஸ்டிக் மூக்குகளுக்குள் நுழைத்து டப்பென்று மாட்டிக்கொண்டது. துண்டுகள் இருக்கும் தட்டுக்குப் போய் உறிஞ்சியது. பக்கத்துத் தட்டில் விட்டது. குப்பைப் பெட்டிக்கு மேலே போய் மூக்குகளைக் கழற்றி உதிர்த்தது. டக். மறுபடி மாட்டியது. பல்லாயிரம் தடவை பார்த்த வேலை. ஆனால் வேறு சத்தமே இல்லாத கட்டிடத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறையில் யாரோ பெட்டியைத் திறந்து, எதையோ தேடி, கிடைக்காமல் மூடி, மறுபடியும் திறப்பதுபோல இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே நடக்கிற அசைவு விளக்குக்குத் தெரியாது. அவள் அசையாமல் இருந்ததால் விளக்கு அணைந்தது. இந்தத் தடவை அவள் கையை ஆட்டவில்லை. கூண்டுக்குள் எரிந்த நீல வெளிச்சத்தில் அந்தக் கை போவதையும் வருவதையும் பார்த்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் திரையில் 'முடிந்தது' என்று வந்தது. கை தன் மூலைக்குப் போய் நின்றது. அவள் எழுந்து கடைசிக் குழியைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. சொட்டு இல்லை, கசிவு இல்லை, ஒன்றும் இல்லை.

தன்னை நினைத்துத் தனக்கே சிரிப்பு வந்தது. "பொம்பளை ஒருத்தி உட்கார்ந்து முறைச்சா ஒழுங்கா வேலை செய்வியாக்கும்" என்று சொல்லிவிட்டு, தேநீர் போடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு நடைக்கு வந்தாள். ஏழெட்டு அடி நடந்திருப்பாள்.

டக்.

நின்றாள். நடையின் இரு பக்கமும் பூட்டிய கதவுகள். ஃப்ரீசரின் முனகல் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது. அவள் திரும்பி, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து, கதவைத் திறந்தாள்.

கை தன் மூலையில்தான் இருந்தது. நீல வெளிச்சம் அசையாமல் எரிந்தது. எல்லாம் விட்டுப்போனபடியே இருந்தன. கடைசிக் குழியில் மட்டும் ஒரு சொட்டு, இப்போதுதான் விட்டது, இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

கணினியில் வேலைக் குறிப்பைத் திறந்தாள். மூன்று பத்துக்கு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. குப்பைப் பெட்டியைக் கொட்டி மூக்குகளை எண்ணினாள். ஒன்று கூடுதல். பிறகு துண்டுகள் இருந்த பெரிய தட்டை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தாள். அதில் ஈஸ்டும் பாக்டீரியாவும் தவிர வேறு எதன் துண்டும் கிடையாது. முந்நூற்றுச் சொச்சம் குழி. இன்றைய வேலைக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. ஆனால் ஒரு குழி விடாமல் எல்லாவற்றிலும் மட்டம் மயிரிழை இறங்கியிருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாய்.

அவள் ப்ளீச் குப்பியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மூடிவிட்டாள்.

அந்தச் சொட்டில் பாதியை உறிஞ்சி, டி.என்.ஏ. எழுத்து வாசிக்கும் சின்னக் கருவியில் விட்டாள். உள்ளே எந்த இழை எந்த வரிசையில் ஒட்டியிருக்கிறது என்று காலைக்குள் அது வாசித்துச் சொல்லிவிடும். மீதியைக் குளிரில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை வாயிலில் வாட்ச்மேன் அவளை நிறுத்தினார். ஐம்பது வயது, எப்போதும் ரேடியோவும் கையுமாக இருப்பவர்.

"மேடம், நேத்து நீங்க போனப்புறம் உங்க ரூம்லேர்ந்து இன்டர்காம் அடிச்சுது. மூணு தடவை."

"அது மெஷின் அண்ணே. ஏதாவது கோளாறுன்னா தானா அடிக்கும். எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். சாப்பிட்டுட்டு இருந்தேன், கையெல்லாம் எச்சி. கழுவிட்டு வர்றதுக்குள்ள நின்னுடுச்சு." அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "முக்கியமான விஷயமா மேடம்?"

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல், மாப்பிள்ளைக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது மேசையில் இருந்த போன் ஒளிர்ந்தது. அக்கா. அவள் கையில் உறை இருந்தது, பாதி வேலை. உறையைக் கழற்றினால் புதிது மாட்ட வேண்டும், கை கழுவ வேண்டும், என்சைம் குளிரை விட்டு வெளியே இருக்கிறது. வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்லுவாள் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை ஒளிர்ந்தது. மூன்றாவது தடவை ஒளிர்ந்தபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கூண்டில் அந்த வெளிச்சம் பிரதிபலித்து அணைந்ததை மட்டும் பார்த்தாள். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போனபோது அக்கா சமையலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்தில் போன் அழுந்திய தடம் இன்னும் இருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அவள் மருத்துவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்காதான்.

அறைக்குள் போய்த் திரையைப் பார்த்தாள். இழை வாசித்து முடிந்திருந்தது. அந்தத் தட்டில் இருக்கும் துண்டுகளை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் வராத நீளம். ஈஸ்ட் இல்லை. பாக்டீரியா இல்லை. மனித இழை. பெண்.

ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களின் எச்சிலோ தோலோ தவறி விழுந்தால் கண்டுபிடிப்பதற்காக, எல்லோருடைய டி.என்.ஏ. குறிப்பும் கணினியில் இருக்கும். தன்னுடையதுதான் விழுந்திருக்க வேண்டும் என்று அவள் ஒப்பிடச் சொன்னாள். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விளக்கு அணைந்தது. இருட்டில் அந்த வட்டம் மட்டும் சுற்றியது. பிறகு நின்றது.

'ஒரே ஆள் அல்ல. உடன்பிறந்தவர்.'

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு உடன்பிறப்பு. அந்த உடன்பிறப்பு ஒரு நாளும் இந்தக் கட்டிடத்துக்குள் கால் வைத்ததில்லை.

அவள் கையை ஆட்டி விளக்கை எரியவைத்தாள். போனை எடுத்துப் பெரிய டாக்டரை அழைத்தாள்.

"சார், அந்தக் கடைசிக் குழி... அதுல மனுஷ டி.என்.ஏ. வருது."

"உங்களோடதா இருக்கும். கையுறையை மாத்துங்க. தட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

"என்னோடது இல்ல சார்."

மறுமுனையில் குழந்தைகளின் சத்தம், கடல் மாதிரி ஏதோ இரைச்சல். "மேடம், நீங்க கொஞ்ச நாளாவே சரியாத் தூங்குறதில்ல. தூக்கிப் போடுங்க. சரியா?"

"சரி சார்."

தூக்கிப் போடவில்லை. அன்றைய தட்டை மாப்பிள்ளைக்கு அடுக்கிக் கொடுத்து ஓட்டிவிட்டு, குளிரில் வைத்த அரைச் சொட்டை எடுத்து வந்தாள். இதில் பயப்பட என்ன இருக்கிறது, ஒரு சின்னச் சோதனைதானே என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் வேறு எதற்கோ காத்திருந்தது. பாக்டீரியாவில் ஏற்றினாள். சத்துக் கூழ் பரப்பிய சதுரத் தட்டு ஒன்றில் ஊற்றி, கண்ணாடிக் கோலால் மெதுவாக, ஓரம்வரை, தைலம் தேய்ப்பதுபோலத் தடவினாள். இரண்டு வருடமாக எந்த வேலையையும் அவள் இவ்வளவு பொறுமையாகக் கையால் செய்ததில்லை.

மாப்பிள்ளையின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல இன்குபேட்டர் இருந்தது. எந்நேரமும் முப்பத்தேழு டிகிரி, மனித உடம்பின் சூடு. முன்பக்கம் ஆள் திறக்க ஒரு கதவு, உட்பக்கம் இயந்திரத்தின் விரல்கள் தட்டை வைத்து எடுக்க ஒரு சின்னத் திறப்பு. விடுமுறை தொடங்கியதிலிருந்து அது காலியாகத்தான் கிடந்தது. நடு அடுக்கில் அந்த ஒரு தட்டை வைத்து மூடினாள். ஏதாவது எழுதி ஒட்ட வேண்டும் என்பது விதி. என்ன எழுதுவது?

அன்று வீட்டுக்குப் போய்ப் பதினோரு மாதத்தில் முதல் தடவையாகப் பசித்துச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

நான்காம் நாள் நல்ல வெயில். தெருவில் கடைகள் மூடியிருந்தன. பக்கத்து வீட்டு மாடியில் யாரோ விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் ரேடியோவைக் காதில் வைத்தபடி கையை உயர்த்தினார். "மூணு தடவை இல்ல மேடம், நேத்து ராத்திரி பூரா விட்டு விட்டு அடிச்சுது. ஒயரைப் பிடுங்கிட்டேன்" என்றார். காலை பத்து மணி. பயப்படுகிற நேரமே இல்லை.

இரண்டாவது மாடி நடையில் திரும்பியபோது வாசனை வந்தது.

வளரும் பாக்டீரியாவின் வாசனை அவளுக்குப் பழக்கம்: புளித்த மாவும் ஈரத் துணியும் கலந்தாற்போல ஒரு நெடி. இது அதுவல்ல. அடைத்த அறையில் நெடுநேரம் தூங்கி எழுந்த ஒரு ஆளின் கழுத்தடியில் இருக்கும் வாசனை. வெதுவெதுப்பானது. தெரிந்தது. ஒரே படுக்கையில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்து வளர்ந்தவளுக்கு அதைத் தெரியாமல் போகாது.

திரும்பிப் போயிருக்கலாம். வெயில் இருந்தது, தெரு இருந்தது, வாட்ச்மேன் இருந்தார். அவள் கதவைத் திறந்தாள்.

அறையில் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

இன்குபேட்டரின் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது. அவள் விரலால் துடைத்தாள். ஈரம் உட்பக்கம் இருந்தது, துடைபடவில்லை. பிடியைப் பிடித்து இழுத்தாள். சூடான காற்று முகத்தில் வந்து மோதியது.

அவள் வைத்தது ஒரு தட்டு. உள்ளே அடுக்கு நிரம்பியிருந்தது. மேலிருந்து கீழ்வரை, வரிசையாக, தட்டுக்கு மேல் தட்டு.

நடுவில் இருந்ததை வெளியே எடுத்தாள். கனத்தது. மூடியைத் திறந்தாள்.

சத்துக் கூழ் இல்லை. அது இருந்த இடத்தில், தட்டின் நான்கு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு, மாநிறமாக, மெல்லிய ரோமங்களோடு, ஒரு நீல நரம்பு குறுக்கே ஓடத் தோல் இருந்தது. மணிக்கட்டின் உட்புறம். அதன் நடுவில் முக்கோணமாக, பளபளப்பாக, ஒரு பழைய தழும்பு. ஆறு வயதில் அவள் அணைக்காமல் விட்டுப்போன இஸ்திரிப்பெட்டி, அதை எடுக்க ஓடிய அக்கா. "நான்தான் சுட்டுக்கிட்டேன்" என்று வீட்டில் பொய் சொன்ன அக்கா.

தழும்பு டி.என்.ஏ.வில் எழுதியிருக்காது. பிறந்த பிறகு பட்ட காயத்தை எந்த இழையும் அறியாது. இதை அவள் எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எந்தத் துண்டில் இது இருந்தது? எந்தக் குழியிலிருந்து அந்தக் கை இதை உறிஞ்சியது?

"அக்கா" என்றாள். மூச்சு பட்டது.

தோலில் ரோமங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. புல்லரித்தது.

தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தாள். பின்னால் கீச்சென்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளை. தட்டு கேட்கிறது.

யாரும் அதை ஓட்டவில்லை. திரை கறுத்திருந்தது. ஆனால் கை மூலையைவிட்டு வந்திருந்தது. இரண்டு விரல்களும் இன்குபேட்டரின் உட்பக்கத் திறப்புக்குள் போயின. ஒரு தட்டோடு வெளியே வந்தன. கூண்டின் மேடையில் வைத்தன. மூடியை எடுத்து ஓரமாகப் போட்டன. காது மடல். அதன் கீழே கழுத்தின் தொடக்கம். அடுத்த தட்டு, அதையொட்டி, இடைவெளி இல்லாமல். வகிடும் நரைத்த வேர்களும். அடுத்தது. புருவத்தின் பாதி. அடுத்ததில் மீதி.

ஒன்றன் வால். இன்னொன்றின் தலை.

தட்டுகளின் பிளாஸ்டிக் விளிம்புக்கு மேலே தோல் மெல்ல ஊர்ந்தது. பக்கத்துத் தோலைத் தேடியது. தொட்டது. ஒட்டிக்கொண்டது.

கூண்டின் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். அவள் கை அதன் மேல் போய் நின்றது. பாதி முகம். பாதி வேலை. இப்போது நிறுத்தினால்?

அழுத்தவில்லை.

கீச் என்றது மறுபடி. பொறுமை இழந்து. அவளிடமிருந்த மணிக்கட்டுத் தட்டைத்தான் கேட்கிறது. அவள் கூண்டைத் திறந்தாள். அதன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். விரல்கள் வந்து எடுத்துக்கொண்டன.

கடைசித் தட்டு வந்தது. மூடி போனது.

உதடுகள்.

காய்ந்து, நடுவில் வெடித்து, மூடியிருந்தன. அவள் குனிந்தாள். அவை பிரிந்தன. முதலில் குவிந்தன, முன்னால் நீண்டன. பிறகு பக்கவாட்டில் விரிந்தன. சத்தம் இல்லை. பின்னால் தொண்டை இல்லை, நெஞ்சு இல்லை, மூச்சு இல்லை. தட்டின் அடிப்பக்கம் மட்டும்தான். மறுபடியும் குவிந்தன, விரிந்தன. அந்த வடிவம் அவளுக்குத் தெரியும். குட்டி. குட்டி. இந்த உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டது ஒரே ஒரு வாய்.

"இருக்கேன்க்கா" என்றாள். "இங்கதான் இருக்கேன்."

கேட்டதா என்று தெரியவில்லை. காது மடல் மூன்று தட்டு தள்ளி இருந்தது.

விளக்கு அணைந்தது. அவள் கையை ஆட்டவில்லை.

நீல வெளிச்சத்தில் கை தண்டவாளத்தில் சரிந்து போனது. ஒரே ஒரு மூக்கை மாட்டிக்கொண்டது. பாக்டீரியாவுக்கு ஊட்டும் மஞ்சள் சத்துநீரில் முக்கி உறிஞ்சியது. திரும்பி வந்தது. உதடுகளுக்கு மேலே நின்றது. இறங்கியது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது.

உதடுகள் மூடின. சப்பின.

இன்னொன்றுக்காகத் திறந்தன.